மாட்டு மருந்துக் குழாயை ஊதியவர்

எங்கள் வகுப்பைப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயது. இராஜபாளையத்திலிருந்து தனி பஸ். துணைக்கு ஆறு அம்மாமார் வந்தார்கள். என் அம்மாவும் வந்தாள். எங்கள் ஊர் தேவதானத்தில் வயலும் இரண்டு மாடும் பார்க்கிறவள். டீச்சர் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கிவிடுவாள்.

தாழி, கற்கோடரி எல்லாம் பார்த்து முடித்தோம். அடுத்த அறையில் ஓர் அதிகாரி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு மூங்கில் குழாயை எடுத்தார். ஒரு முனை சாய்வாகச் சீவியிருந்தது. அட்டையில் 'சடங்கு ஊதுகுழல், இராஜபாளையம் வட்டாரம்' என்று போட்டிருந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் சாமியை அழைக்க ஊதுவார்களாம். சீவிய முனையை வாயில் வைத்து ஊதியும் காட்டினார். சத்தம் வரவில்லை. மறுமுனை கணுவோடு அடைத்திருக்கிறது, எப்படி வரும்? அவரோ, பழசாகிவிட்டது என்றார்.

நான் கையைத் தூக்கி, "சார், அது மாட்டுக்கு மருந்து ஊத்துத குழா" என்றேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. படித்தவர்கள் எழுதியதைத் தொழுவத்திலிருந்து வந்து திருத்தாதே என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது. டீச்சர் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கண்டிப்புக்குப் பேர்போனவர். மன்னிப்புக் கேள், இல்லையென்றால் பஸ்ஸில் போய் உட்கார், இனி எந்தச் சுற்றுலாவுக்கும் நீ வர வேண்டாம் என்றார். உண்மையைச் சொன்னதற்கு என்ன மன்னிப்பு?

அப்போது அம்மா முன்னால் வந்தாள். குழாயைக் கேட்டு வாங்கினாள்.

"ஏட்டி, வாயத் தொற."

என் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, கடைவாயில் விரலை விட்டு, சீவிய முனையை அதற்கு நேராகப் பிடித்தாள். "இப்பிடிச் சாச்சு ஊத்துனாத்தான் சார் பொரையேறாது. இந்தா பாருங்க, மாட்டுப் பல்லு பட்ட தடம்." பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள்: "நீங்க வாய் வச்ச எடந்தான்."

அதிகாரி வெளியே தண்ணீர்க் குழாயடிக்குப் போய் வாய் கொப்புளித்த சத்தம் அறை வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து அந்த அட்டையை உருவினார். அம்மா சொல்லச் சொல்ல அதன் பின்பக்கம் புதிதாக எழுதினார். டீச்சர் என்னை வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினார்.

பஸ்ஸில் நான்தான் ராணி. ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அம்மாவிடம் ஊர் வரும்வரை பேசவில்லை. நாற்பது பேர் முன்னால் என்னை மாடாக்கிவிட்டாளே. தாடையைப் பிடித்தபோது அவள் கை வெடவெடவென்று நடுங்கியது. ஏசிக் குளிர் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.