ஜோடியாகக் கேட்பவர்களுக்கு நாய் இல்லை

நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் "ஜோடியா குடுங்க" என்று கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஈற்றில் பிறந்த ஆணையும் பெண்ணையும் வாங்கிப் போய், அவற்றையே இணை சேர்த்துக் குட்டி விற்கலாம் என்ற எண்ணம்தான். கடத்தூர் பக்கத்தில் லாப்ரடார் வளர்த்து விற்கத் தொடங்கிய நாளிலிருந்து ஒரே வீட்டுக்கு அப்படி இரண்டு குட்டி நான் கொடுத்ததில்லை. இவளுக்குத் திமிர் என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும்.

பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவரும் அப்படித்தான் வந்து கேட்டார்.

"ரெண்டும் கூடப்பொறந்ததுங்க," என்றேன்.

"நாய்க்கு ஏதுங்க அண்ணன் தங்கச்சி?" என்று சிரித்தார்.

பெண் பார்க்கப் போன இடம் பங்காளி வீடு என்று தெரிந்தால் காபிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுகிற ஆட்கள் இவர்கள். குலதெய்வம் எது என்று கேட்காமல் ஜாதகத்தைக் கையில் தொட மாட்டார்கள். நாய் என்று வந்தால் மட்டும் அந்த அறிவு எங்கே போய்த் தொலைகிறதோ தெரியவில்லை. ஆண் குட்டியை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் தருமபுரியிலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு வந்து, அந்த ஈற்றில் மிச்சமிருந்த பெண் குட்டியைக் கேட்டார். சிறுமி குட்டியை மடியை விட்டு இறக்கவே இல்லை.

"வளக்க முடியாட்டி எங்கிட்டயே திருப்பிக் குடுத்துரணுங்க," என்று எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். தலையாட்டினார். அவர் மண்டிக்காரரின் சொந்தத் தங்கை என்பது எனக்குத் தெரியாது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஆசிரியர் ஃபோன் செய்தபோதுதான் தெரிந்தது. மண்டிக்காரரிடம் வாங்கிய குட்டிக்கு இரண்டு கண்ணும் தெரியவில்லையாம்.

"அண்ணனும் தங்கச்சியும் ஆளுக்கு ஒண்ணா உங்ககிட்ட வாங்குனதுங்களாம். அதுங்க ரெண்டும் சேந்து பொறந்த குட்டிதாங்க இது. உங்க வூட்டு வம்சம்னு சொல்லித்தாங்க வித்தாரு."

உடனே பாலக்கோட்டுக்குக் கிளம்பினேன்.

தக்காளிப் பெட்டிகள் அடுக்கிய தகரக் கொட்டகையில் அந்தப் பெண் நாய் சங்கிலியில் கிடந்தது. முதல் பருவத்திலேயே சேர்த்து, அடுத்த பருவத்தையும் விட்டுவைக்கவில்லை. விலா எலும்பு துருத்திக்கொண்டு, மடி தொங்கிப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இத நான் கூட்டிட்டுப் போறனுங்க," என்றேன் மண்டிக்காரரிடம்.

"இன்னும் ஒரே ஒரு ஈத்து போடட்டும். அப்புறம் நீங்களே வெச்சுக்குங்க."

அங்கேயே நின்று அவர் தங்கைக்கு ஃபோன் போட்டு, அவர் காதிலும் விழும்படி ஸ்பீக்கரை வைத்தேன்.

"அண்ணன் ஒரு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போனதுங்க, திருப்பியே தரல. பாப்பா இன்னும் கேட்டுட்டே இருக்கறா. நீங்க கூட்டிட்டுப் போயிருங்க," என்றார் அந்த அம்மா. சங்கிலியை நானே அவிழ்த்தேன்.

நேராகத் தருமபுரியில் மருத்துவரிடம் கொண்டுபோனேன். ஸ்கேன் பார்த்தவர், "மறுபடியும் சினைங்க. இந்த உடம்பு தாங்காது," என்றார். எத்தனையோ குட்டிகளை இந்தக் கையில் வாங்கித் துடைத்து மூச்சு வரவைத்தவள் நான். கருப்பையோடு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஆத்திரம் தாங்காமல் அழுதேன்.

சாயங்காலம் மண்டிக்காரர் கூப்பிட்டார்.

"சினையா இருக்குதுன்னு சொல்ல மறந்துட்டனுங்க. பொறக்கறதுல பாதிக் குட்டி எனக்குக் குடுத்துருங்க."

"ஒண்ணும் பொறக்காதுங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சு."

"அடடா, நல்ல குட்டிங்க போச்சே," என்றார்.

தாய் பிழைத்ததா என்று அவர் கேட்கவே இல்லை.