பச்சையாக்கப்பட்ட தேர் நாள்

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலைகளுக்குத் தேதி குறிப்பது என் பொறுப்பு. இப்போது அதைச் சாப்ட்வேரில் செய்கிறேன். நெசவு, பிளீச்சிங், பேக்கிங் ஒவ்வொன்றும் திரையில் ஒரு பட்டை. ஒன்று தள்ளினால் அடுத்ததும் தள்ளும். கடைசித் தேதியைப் பேக்கிங்கில் வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் அந்தப் பட்டை சிவக்கும். சாப்ட்வேரை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு ஆடியில் ஏற்றுமதி ஆர்டர் வந்தது. பிளீச்சிங் முடிகிற சமயத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேர். பிளீச்சிங் ஆட்கள் பெரும்பாலும் அதற்குப் பக்கத்து ஊரான மம்சாபுரத்துக்காரர்கள். தேரன்று வரமாட்டார்கள், மறுநாள் வீட்டில் விருந்தாளிகள். இரண்டையும் விடுமுறையாகக் குறித்தேன். பட்டை சிவந்தது.

மேனேஜர் வந்தார். "என்ன அண்ணாச்சி, சரக்கு வாங்குற பையர் பாக்குற ஸ்கிரீன்ல ரத்தமா ஓடுது?"

"தேர், சார். ஆள் வராது."

"நம்ம விட்டாத்தான லீவு? வடத்தத் தொட்டுக் கும்பிட்டு மத்தியானம் வந்துருவாக."

என் நாற்காலியில் உட்கார்ந்து விடுமுறைகளை அழித்தார். அதற்குள் நெசவும் ஒரு நாள் பின்தங்கியிருந்ததால் அப்போதும் சிவப்பு போகவில்லை. பேக்கிங் நேரத்தைப் பாதியாக்கினார். பச்சை. "பாத்தீகளா, முடிஞ்சிருச்சு!" துணி இன்னும் தறியில் இருந்தது.

தேரன்று ஒருவரும் வரவில்லை. அவரும் வரவில்லை. வடம் பிடித்து நிற்கும் தன் படத்தை வாட்ஸ்அப்பில் வைத்திருந்தார்.

துணி தாமதமாகத்தான் பேக்கிங்குக்குப் போனது. அங்கே சூப்பர்வைசராக இருந்த பெண்ணுக்கு இந்த ஆர்டர் நேரத்தில் போனால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். போகவில்லை. மீட்டிங்கில் திரையைக் காட்டினார்கள். சிவந்திருந்தது அவள் பட்டை மட்டும். நிரந்தரம் தள்ளிப்போனது.

"அவ நேரத்தப் பாதியாக்குனது யாரு சார்?" என்று எல்லோர் முன்னும் கேட்டேன்.

"ஸ்கிரீன்ல இருக்கத மட்டும் பேசுவோம், அண்ணாச்சி."

திட்டம் போட்டவன் தப்பித்து, கோட்டைக் கதவைக் கடைசியாக மூடியவன் தண்டிக்கப்பட்ட கதைகளை வரலாற்றில் நிறையப் படித்திருக்கிறேன். பேண்டேஜ் கம்பெனியில் அதை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே அவள் கேட்டாள்: "தேரன்னைக்கு ஆள் வரும்னு போட்டவுகள எப்ப அண்ணாச்சி நிரந்தரமாக்குனாக?"

"அவுகள எடுத்ததே நிரந்தரமாத்தாம்மா."

"அப்ப சரி. நான்தான் தப்பான கேட்டு வழியா உள்ள வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த ஆர்டரிலும் பேக்கிங்குக்கு அதே பாதி நேரம் போடச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. நான் முழு நேரம்தான் போட்டிருக்கிறேன். பட்டை சிவப்பாகவே இருக்கிறது.