சம்சுவை விட்ட தம்பி

மலாய் நாட்டுக் காஜா பெராங்கில், பல தலைமுறையாக இங்கேயே வாழும் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளுக்கு நெற்றி நிறையத் திருநீறு; வாயில் வருவதோ மலாய் மட்டும். மாரியம்மனிடம்கூட மலாயில்தான் முறையிடுகிறாள். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அன்று காலை கிணற்றடியில் காதைப் பொத்திக்கொண்டு நின்ற என் தம்பி காளிமுத்துவைக் காட்டி, "தாக்குத், தாக்குத்" என்றாள். பயம் என்று பொருள். அவள்தான் பயப்படுகிறாள் என்று நினைத்து, ஒன்றும் செய்யமாட்டான் என்று சைகை காட்டி அனுப்பிவிட்டேன்.

தம்பி சம்சு குடிப்பவன். தொண்டையை எரிக்கும் மலிவுச் சாராயம் அது. அந்த வாரம்தான் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு அடியோடு விட்டிருந்தான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் விட்டதும் உடம்பு உதறியது. கூரையைப் பார்த்து யாருடனோ பேசினான். பார்த்த நம்மவர்கள் அருள் வந்துவிட்டது என்று வேப்பிலையோடு கூடிவிட்டார்கள். ஒருவர் கைகட்டி நின்று மகள் கல்யாணத்துக்குக் குறி கேட்டார். தம்பி என் சட்டையைப் பற்றிக்கொண்டு அலறினான்.

"அண்ணே, இவங்களப் போகச் சொல்லு! எனக்குப் பயமா இருக்கு!"

அந்த அம்மாள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாகப்பட்டினத்தில் கப்பலேறுவதற்கு முன்பே அவனுக்கு இந்தப் பயம் உண்டு. வயலில் வேலையைப் போட்டுவிட்டு இதேபோல் காதைப் பொத்திக்கொள்வான். குடி பிறகுதான் வந்தது. இதை ஆஸ்பத்திரியில் சொல்லலாமா? இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, யார் இருக்கலாம், யார் போகவேண்டும் என்று கடைத்தெரு முழுக்க அதே பேச்சு. பைத்தியம் என்று எழுதிக் கப்பலேற்றிவிட்டால்? இருந்தும் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

குடிகாரர்களைப் படுக்கவைக்கும் வார்டில், டாக்டருக்கு உதவியாக ஒரு தமிழ் டிரஸர் இருந்தார்.

"குடிக்கிறதுக்கு முன்னால எப்படி இருந்தாரு? மறைக்காதீங்க. குடிக்கு மட்டும் மருந்து குடுத்து அனுப்புனா, திரும்ப இங்கதான் வருவாரு."

"அப்பவே குரல் கேக்குதும்பான் சார். ஊருக்கு அனுப்பிருவீங்களா?"

"மொதல்ல தூங்கட்டும்லா. மனசுக்கும் சேத்து டாக்டர் பாக்கட்டும்."

அனுப்பமாட்டோம் என்று அவர் சொல்லவில்லை. சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில நாளில் உதறல் நின்றது. குரல் நிற்கவில்லை. அது என்ன சொல்லும் என்று டிரஸர் தம்பியிடம் கேட்டார்.

"ஊர்ல இருந்தப்ப 'போயிரு, போயிரு'ன்னு வெரட்டும் சார். இங்க வந்தப்புறம் 'வந்துரு, வந்துரு'ன்னு கூப்பிடுது."

எழுதிக்கொண்ட டிரஸர் என் பக்கம் திரும்பினார். குடும்பத்தாரை வழக்கமாகக் கேட்கும் கேள்விதான்.

"ஒங்களுக்கு அந்த மாதிரி ஏதும் கேக்குதா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.