குதிரை பார்த்து முடிவான சம்பந்தம்

காட்டுப்பள்ளித் துறைமுகம் வரக் கூடாது என்று வருஷக்கணக்கில் கொடி பிடித்தவர் என் நைனா. அங்கே வேலை பார்ப்பவனுக்குப் பெண் கொடுக்கவே மாட்டேன் என்றவரை அம்மா எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்தாள். ஒரு ஞாயிறு மதியம், சுண்ணாம்புக்குளத்திலிருந்து மாப்பிள்ளை தன் அக்காவோடு என்னைப் பெண் பார்க்க எங்கள் ஊர் தோணிரேவுக்கு வந்தார்.

நைனா அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டிவியைப் போட்டார். ஏதோ பழைய கௌபாய் படம், தமிழில் பேசவிட்டிருந்தார்கள். போலீஸ்காரர் துப்பாக்கியை உருவும்போதெல்லாம் அவர் கால்சட்டை அவிழ்ந்து விழும். குதிரை அவர்மேல் தும்மும். அவ்வளவுதான் கதை. மூன்றாவது தும்மலுக்கு நைனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இப்போ பாருங்க மாமா, குதிரை சாராயம் குடிக்கும்!" என்றார் மாப்பிள்ளை.

"நீ பாத்துட்டியா?"

"எட்டு வாட்டி மாமா!"

அத்தனை வருஷக் கோபமும் ஒரு குடிகாரக் குதிரையிடம் தோற்றது. நண்டு வறுவல் தட்டை நைனாவே எடுத்து அவரிடம் நீட்டினார்.

பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுக்கிறேன் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான்.

"நீங்க சிரிக்கலையே?"

"சிரிப்பு வரல."

"புரியல போல. மறுபடி போடட்டா?"

தன் போனில் அந்தக் காட்சியைத் தேடிப் போட்டார். கால்சட்டை ஏன் விழுகிறது என்று எனக்கு விளக்கமும் சொன்னார். அவர்கள் கிளம்பியதும், "வேணாம் நைனா" என்றேன்.

"இன்னாம்மா, தங்கமான புள்ள!"

"அந்தப் படத்தைப் பாத்துச் சிரிக்கிறவரோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

"நானுந்தான் சிரிச்சேன்."

"நீங்க எனக்கு நைனாவாச்சே. இன்னா பண்றது?"

சம்பந்தம் முறிந்தது. ஆனால் அடுத்த ஞாயிறே அந்த ஆள் பைக்கில் வந்து இறங்கினார். பெண் கேட்க அல்ல, அதே படத்தை பென் டிரைவில் போட்டுப் பார்க்க. அன்றிலிருந்து வாராவாரம் இந்தக் கூத்துதான். நான் கொல்லையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். உள்ளே இரண்டு வளர்ந்த ஆண்கள் குதிரைத் தும்மலுக்குக் கும்மாளம் போடுவார்கள்.

இந்தத் தையில் அவருக்குக் கல்யாணம் ஆனது. போன ஞாயிறு மனைவியையும் கூட்டி வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் இருந்த சமையற்கட்டுக்கு வந்தாள். பாவம், நம்மைப் போல ஒருத்தி என்று நினைத்தேன்.

"கொஞ்சம் தண்ணி குடுக்கா. சிரிச்சி சிரிச்சி விக்கிக்கிச்சு" என்றாள்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பை என் கையில் திணித்து, கூடத்துக்கு ஓடினாள்.