ஐந்தாம் பிரதிவாதி செங்கேணி

பெருநகர் கிராமத்தில் நாற்று நடப்போகும் பெண்களுக்குச் செங்கேணிதான் தலைவி. விடிகாலையில் தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தாளென்றால் பன்னிரண்டு பெண்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சொந்தத்தில் ஒரு சாண் நிலம் கிடையாது. அப்படிப்பட்டவள் மேல் ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு நில வழக்கு வந்து விழுந்தது.

உத்திரமேரூர்ப் பாண்டுரங்கனுக்கும் அவர் தம்பி கோபாலுக்கும் இரண்டு காணி நஞ்சையில் தகராறு. தம்பி கூப்பிட்டாரென்று செங்கேணி ஆட்களோடு போய் நட்டுவிட்டு வந்தாள். அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விட்டார். தம்பி, அவர் மனைவி, மகன், ஏர் ஓட்டிய எல்லப்பன், கடைசியாகச் செங்கேணி என்று ஐந்து பேர் மேல் பிராது.

சம்மனைப் பார்த்ததும் அவள் புருஷன் முனிரத்தினம் பதறிப்போனான். "இன்னாடி பண்ண நீ?"

"நாத்துதான் நட்டேன். கோணலா நட்டாக்கூடவா கேசு போடுவாங்க?"

காஞ்சிபுரத்தில் கோபாலின் வக்கீல் அவளுக்குச் சொன்னது ஒன்றுதான்: "நீ வாயைத் திறக்கக் கூடாது. பேர் கூப்பிட்டா வந்து நில்லு, போதும்."

கோர்ட்டு டவாலி மூன்று தரம் அவள் பேரைக் கூவுவான். போய்க் கைகட்டி நிற்பாள். அடுத்த வாய்தா சொல்வார்கள். திரும்பி வருவாள். இப்படியே ஐந்து வருஷம்.

அன்றன்றைய கூலி போனதைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை. காக்கிச் சட்டையைக் கண்டாலே வேறு சந்தில் திரும்பிவிடுவாள். தபால்காரர் தெருவில் நுழைந்தால் வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். வயலில் பாட்டெடுக்கிறவள் வாயடைத்துப் போனாள். மகள் மலர்க்கொடியைப் பெண் பார்க்கத் திருமுக்கூடலிலிருந்து வந்தவர்களோ, "கோர்ட்டுப் படி ஏறுற பொம்பள. நாளைக்கு நம்மளையும் இஸ்துக்கினு போவா" என்று எழுந்து போய்விட்டார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு அளவில்லை. அழுது முடித்து முகத்தைக் கழுவியபோது பயம் போய்க் கோபம் வந்திருந்தது.

அடுத்த வாய்தாவில் புது முன்சீப் உட்கார்ந்திருந்தார். அவர் தேதி சொல்ல வாயெடுப்பதற்குள், வயலில் கூப்பிடுகிற அதே குரலில் செங்கேணி கேட்டாள்:

"எசமான், எம்மேல இன்னா கேசு?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. வக்கீல் அவளை அடக்கப் பார்த்தார். முன்சீப் கையமர்த்திவிட்டுக் கேஸ் கட்டைப் புரட்டினார்.

"அந்த நிலத்துக்குள்ள நீ போகக் கூடாதுன்னு தடை கேட்டிருக்காங்க. உனக்கு அதுல பாத்தியதை ஏதாவது உண்டா?"

"கூப்ட்டா போவேன், நடுவேன், கூலி வாங்கிக்கினு வூட்டுக்கு வருவேன். கூப்புடாத கயனிக்கு நான் ஏன் எசமான் போறேன்? தோ, கேசு போட்ட பெரிய ஆண்டே கீறாரு. போன தையில அவரு கயனியும் நான்தான் நட்டேன். அவரையே கேளுங்க!"

பாண்டுரங்கன் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். முன்சீப்புக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் பாண்டுரங்கனின் வக்கீலே எழுந்து, ஐந்தாம் பிரதிவாதியை நீக்கிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள் அசந்து தூங்கி, பெருநகரைத் தாண்டி அடுத்த ஊரில் போய் இறங்கினாள். வழியெல்லாம் பாடிக்கொண்டே நடந்து வந்தாள்.

வைகாசியில் மலர்க்கொடிக்கு ராஜகுளத்தில் மாப்பிள்ளை அமைந்தது. "முன்சீப்பையே கேள்வி கேட்டவளாமே! அந்த வூட்டுப் பொண்ணுதான் வேணும்" என்று மாப்பிள்ளையின் தாயார் பவளம் தானே தேடி வந்தாள்.

அண்ணன் தம்பி வழக்கு மேலும் பல வருஷம் ஓடியது. இடையில் பாண்டுரங்கன் ஒருநாள் நடவுக்கு ஆள் கேட்டு வந்தார்.

"வரேன் ஆண்டே. நட்டதுக்கு எம்மேல கேசு போட மாட்டேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

அவர் சிரித்துவிட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார். எழுதப் படிக்கத் தெரியாத செங்கேணி அதை ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தானியேல் வாத்தியாரிடம் கொடுத்து இரண்டு தரம் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம்தான் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.