பாவுக்குப் போன கஞ்சியை ஆளுக்குத் திருப்பியவள் நான்!

எங்கள் வீட்டில் காலையில் முதலில் கஞ்சி குடித்தது லுங்கி!

சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

எழுபதுகளில் பொதட்டூர்பேட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்துக்கு மருமகளாகப் போனேன். வீட்டுக்குள் நான்கு தறி. லுங்கிக்கான நூலைத் தறியில் ஏற்றும் முன், தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, முந்தின இரவு சோறு வடித்த கஞ்சியைத் தடவி, வெயில் ஏறுவதற்குள் காயவைக்க வேண்டும். அதுதான் பாவு போடுவது. கஞ்சி ஏறினால்தான் நூல் அறாது.

எங்களுக்குப் பாவு இல்லாத நாளில் பக்கத்து வீட்டுப் பாவுக்குக் கஞ்சி போய்விடும். (அந்தக் கஞ்சிக்கு லீவே கிடையாது!)

மனிதர்களுக்கு? டீ.

உச்சி வெயில் வருகிற வரைக்கும் டீ மட்டும்தான். அப்புறம் மிஷினில் தீட்டிய அரிசிச் சோறு. அதுவும் வெள்ளை வெளேரென்று களைந்து, சொட்டுக் கஞ்சி இல்லாமல் வடித்தது.

என் பிறந்த வீடு ஆர்.கே.பேட்டைப் பக்கம். தறியோடு கொஞ்சம் கழனியும் உண்டு. காலையில் கேழ்வரகுக் கூழ் குடிக்காமல் யாரும் வாசலைத் தாண்ட மாட்டோம். இங்கே வந்து பசியில் எனக்குக் கண் இருட்டியது. புது மருமகள், வாயைத் திறக்க முடியுமா?

கல்யாணமாகிச் சில மாதத்தில் என் வீட்டுக்காரர் துவண்டுபோனார். வாயோரம் இரண்டு பக்கமும் வெடிப்பு. நாக்கு சிவந்து, காரம் பட்டால் துள்ளுவார். பாவு போடும்போது பாதியில் தெருவிலேயே உட்கார்ந்துவிடுவார். ஒருவர் உட்கார்ந்தால் போதும், கஞ்சி காய்ந்து நூலோடு நூல் ஒட்டிக்கொள்ளும்.

என் மாமியார் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காரணம் நான்!

"இவ வந்த நேரம், புள்ள இப்டி சுருண்டுகினான். கொஞ்ச நாளு அம்மா ஊட்ல இருக்கட்டும். இவ அண்ணனுக்கு ஆள் அனுப்புங்க!"

'கொஞ்ச நாளு' என்று அனுப்பப்பட்டுத் திரும்பாமலே போன பெண்களை எனக்குத் தெரியும். பயம் வந்தது. கோபமும் வந்தது, நன்றாகவே வந்தது!

கிருத்திகைக்கு மலைக்குப் போய் வருகிறோம் என்று சொல்லி அவரைத் திருத்தணி பஸ்ஸில் ஏற்றினேன். பொய் இல்லை, முருகனைப் பார்த்தோம். (படியில் அவர் உட்கார்ந்த இடமெல்லாம் நானும் உட்கார்ந்தேன். என்ன பக்தி என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்!) இறங்கியதும் நேராக ஆஸ்பத்திரி.

டாக்டரம்மா அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிடுவீங்க?"

"டீங்க."

"அப்புறம்?"

"இன்னொரு டீங்க."

"சோறு வடிச்ச கஞ்சி எங்க போகுது?"

"லுங்கிக்குங்க!" இது நான்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார்.

"பி வைட்டமின்னு இருக்கும்மா. திங்கிற சோத்த உடம்பு தெம்பா மாத்தணும்னா அது வேணும். தண்ணியில கரைஞ்சு ஓடிடும். அரிசிய தீட்டும்போது கொஞ்சம் போச்சு, களையும்போது கொஞ்சம், மிச்சம் கஞ்சியோட போச்சு. அப்புறம் இவர் எப்படி நிப்பாரு? காலையிலயே வயித்துக்குப் போடு. கேழ்வரகு, வேர்க்கடலை, கீரை, மோர், முட்டை. தினமும் வேணும்."

கூடவே பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை.

மறுநாள் காலை கொல்லைப் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரரின் அலறல்!

"இன்னாமே இது? ஒண்ணுக்கு மஞ்சளா போவுது! எனுக்கு காமாலைமே!"

"மாத்திர கலரு பாவா! டாக்டரம்மா அப்பவே சொன்னாங்களே, காதுல வாங்கலியா?"

மாத்திரை தீர்ந்துவிடும். வயிறு தினமும் கேட்கும். அதனால் அடுத்த பாவு அன்று நான் முந்திக்கொண்டேன். வடித்த கஞ்சியில் கேழ்வரகுக் களியைக் கரைத்து, உப்பும் மோரும் சேர்த்து, வறுத்த வேர்க்கடலையோடு தெருவுக்கே தூக்கிக்கொண்டு போனேன்.

மாமியார் பாய்ந்து வந்தார்.

"அடிப்பாவி! பாவு கஞ்சிடி அது! நூலுக்கு இன்னா ஊத்துவ?"

"நூலுக்கு மைதா காச்சி வச்சிகீறேன் அத்த. நூலுக்கு அது போதும், மனுசனுக்குத்தான் போதாது."

தெருவில் எல்லாரும் என் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் மைதாக் கஞ்சியில் விரலைத் தோய்த்து, ஓர் இழையில் தடவி, சுண்டிப் பார்த்தார்.

"ஆங், நல்லாத்தான் புடிக்குது," என்றவர் என் கையிலிருந்த சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தார். "இன்னும் கொஞ்சம் ஊத்துமா."

மாமனாரே குடித்த பிறகு யார் தடுப்பது? அன்றிலிருந்து தினமும் காலைச் சாப்பாடு. கூழ், கீரை அடை, கோழி முட்டையிட்டால் முட்டை. மாமியார் மட்டும் பல நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே குடித்தார். (குடித்தார்!)

என் வீட்டுக்காரரின் வாய்ப்புண் ஆறியது. ஒரு நாள் பாவு கட்டியதிலிருந்து சுருட்டுகிற வரை உட்காராமல் நின்றார். முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பாவுக்கும் கை கொடுக்கப் போனார். அந்த வீட்டம்மா என்னிடம் வந்து, "அந்த மைதா எவ்ளோ தண்ணிக்கு எவ்ளோ போடணும்?" என்று கேட்டார். எனக்குத் தலை கால் புரியவில்லை!

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் வந்து நின்றார். மாமியார் ஆள் அனுப்பியது அனுப்பியதுதானே! அறுப்பு முடிந்து இப்போதுதான் வருகிறார்.

"தங்கச்சிய இட்டுகினு போவ வந்தேங்க அத்த."

நான் மாமியாரைப் பார்த்தேன்.

மாமியார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்க ஊட்டுப் பொண்ண நீ எங்க இட்டுகினு போவ? அவ இல்லன்னா இங்க ஒருத்தனும் எழுந்து நிக்கமாட்டான். வந்த ஆளு உக்காந்து சாப்டு, கெளம்பு!"

எங்க ஊட்டுப் பொண்ணு!

அண்ணன் வெறுங்கையோடு, நிறைந்த வயிற்றோடு பஸ் ஏறினார். நான் வாசலில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன். பெருமை பீற்றிக்கொள்கிறாள் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள், ஆமாம், பீற்றிக்கொள்கிறேன்!

சரி, இன்று காலை நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்!