பழைய ரப்பரின் மேல் புதிய ரப்பர்

பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து, அந்த மாற்றத்துக்கு முறைப்படி அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றியவன் நான். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு இதெல்லாம் கஷ்டமில்லை. அனுமதி இல்லாமல் நுழைந்தது காற்று மட்டும்தான். ஏறுகிற கதவின் அடிப்பக்கம் விரல் போகும் இடைவெளி. வண்டி நகர்ந்தால் கதவு கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

"இது போடுத சத்தத்துல நீங்க பேசுதது கேக்க மாட்டேங்கு," என்றாள் மனைவி. "அது ஒண்ணுதான் லாபம்."

குற்றாலம் போய்த் திரும்பியதும் அவளுக்குக் காதுவலி. கதவு சரியாகாமல் இனி ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சென்னையிலிருக்கும் மகன் இதற்காகவே காத்திருந்தவன்போல, ஞாயிற்றுக்கிழமை வண்டியை விலைக்குக் கேட்டு ஆள் வருகிறார் என்றான். அறுபது தாண்டியவர்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவன் பிறப்பித்த அரசாணை. அதை அமல்படுத்தும் உத்தேசம் எனக்கு இல்லை.

இடைவெளியை அடைக்க ரப்பர் பீடிங் வாங்கிவந்து கதவைச் சுற்றி நானே ஒட்டினேன். பழைய ரப்பரைப் பிய்க்கவில்லை. பழைய கோப்பை அழிக்காமல் அதன்மேல் புதியதை வைத்துக் கட்டுவதுதானே எங்கள் வழக்கம்! கதவு சாத்திக்கொள்ள மறுத்தது. தோளால் இடித்தேன், கைப்பிடி கையோடு வந்தது. கயிற்றால் கட்டி, சனிக்கிழமை வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிப்போனேன்.

பட்டறைக்காரர் கயிற்றை அவிழ்த்து, கதவைத் தூக்கிப் பார்த்தார். ஆடியது.

"கீல் தேஞ்சு கதவு தொங்குது, அண்ணாச்சி. அதுக்குப் போயி மெத்தை போட்டிருக்கிய. அதும் ரெண்டு மெத்தை."

"பழசு கிடந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"முள்ள எடுக்காம கட்டு போட்டா நடக்க முடியுமா?"

கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு ரப்பரையும் சுரண்டியெடுத்தேன். அவர் கீல்களின் ஊசியை மாற்றி, கைப்பிடியைப் பொருத்தி, கொண்டியை உள்ளே தள்ளி முடுக்கினார். துடைத்த தகரத்தில், மறுபடி வாங்கிய புது ரப்பரை ஒரே சுற்றாக ஒட்டினேன். பிறகு சோதனை: இடுக்கில் தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும், உருவிக்கொண்டு வந்தால் இடைவெளி. பையில் ஓய்வூதியர் கூட்ட அழைப்பிதழ் இருந்தது. நான்கு பக்கமும் வைத்து இழுத்தேன். கிழிந்ததே தவிர வரவில்லை. அந்தக் கூட்டத்தால் கிடைத்த ஒரே பயன்.

ஞாயிறு காலை, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி அவளைக் கதவோரம் உட்காரவைத்து, சேரன்மகாதேவி சாலையில் கிளம்பினேன். பத்தமடை வேகத்தடையில் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கவில்லை. டம்ளர்கள் குலுங்கின. கதவு மூச்சுவிடவில்லை. அவள் குனிந்து கதவின் அடியில் கையை வைத்துப் பார்த்தாள்.

மகன் போனில் அழைத்தான். வாங்க வந்தவர் வீட்டு வாசலில் நிற்கிறாராம். அவளே பேசினாள்.

"ஏலே, வண்டி வீட்ல இல்லன்னு அவர்ட்ட சொல்லு. நாங்களும் இல்ல."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இனி நீங்க பேசுதது அத்தனையும் கேக்கும். பாபநாசம் வரைக்கும் வாயத் திறக்காதிய."